தலை தூக்கிய ஊதாக் காளான்

சந்திரிகாவின் வீட்டு மணியைக் கிரிஜா விடாமல் அழுத்தினாள். சேற்றுச் சப்பாத்தை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தாள். பின்னால் கணவன் சேகர்.

"என் காளானைச் சாய்ச்சது யோகாதான் அக்கா. வேற யாரும் இல்ல," என்றாள் கிரிஜா.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துப்பறிவது சந்திரிகாவின் வேலை. "முதல்ல இருங்கோ," என்றாள். அவள் தம்பி கீர்த்தனனுக்குத்தான் பரபரப்புத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாண்டினாங் மலைக்காட்டுப் பாதையில் கிரிஜா ஓர் ஊதாக் காளானைக் கண்டிருந்தாள். அப்போதுதான் முளைத்த இளசு. அவள் சேர்ந்திருந்த காளான் தேடும் குழுவில் யாருக்கும் இதுவரை அகப்படாதது. ஞாயிறு காலைதான் இடத்தைச் சொல்லி எல்லாருக்கும் காட்டுவதாக ஏற்பாடு. போன வருடம் படப்போட்டியில் பரிசைத் தட்டிச் சென்ற யோகாவின் முகம் சுருங்குவதைப் பார்க்கக் கிரிஜா துடித்தாள். போய்ப் பார்த்தால், முதல் ஆளாக வந்த யோகா அதன் பக்கத்தில் நிற்கிறாள். காளான் சாய்ந்து கிடக்கிறது.

"அவளைக் குழுவை விட்டு எடுக்கச் சொல்லிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் முடிவு. இவரும் காலையில வந்திருந்தா சாட்சிக்கு ஆச்சு. காடுன்னாலே ஆகாது இவருக்கு."

சேகர் கணுக்காலைச் சொறிந்தபடி தலையாட்டினான்.

கிரிஜா காலையில் எடுத்த படத்தைச் சந்திரிகா பார்த்தாள். காம்பு தரையோடு கிடந்தது. நுனி மட்டும் வளைந்து, படமெடுத்த பாம்புபோல் குடை மேலே பார்த்து நின்றது.

"நேற்று யோகா எங்க?"

"கேரம் டவுன்ஸ் கோயில்ல," என்றான் கீர்த்தனன். "விடிய இருந்து இரவு வரை என்னோட அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டினவ."

"அப்ப அவ இல்லை. வளருற காளான் விழுந்தாச் சும்மா கிடக்காது, கிரிஜா. காம்பை வளைச்சுக் குடையை நிமித்தப் பாக்கும். அதுக்குக் கனநேரம், பல மணித்தியாலம் வேணும். இது நேற்றே விழுந்திட்டுது."

கிரிஜாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. "அது எப்படி? நேத்து இடம் யாருக்குமே தெரியாதே. இவர்கிட்ட மட்டும்தான் மேப்ல காட்டினேன்."

சந்திரிகா திரும்பினாள். "காலில என்ன, சேகர்?"

"கொசு, அக்கா."

"இந்தக் குளிருக்குள்ள நுளம்போ?"

"அட்டைக்கடி!" கீர்த்தனன் துள்ளி எழுந்தான். "ஈரக்காட்டு அட்டை, அக்கா!"

"நீ இரடா."

சேகர் கால்சட்டையை இழுத்துக் கடிவாயை மூடினான். பிறகு கிரிஜாவைப் பார்த்தான். "வெள்ளி ராத்திரி பூரா அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தே. எதிர்ல நான் உக்காந்திருக்கேன். என்னைப் பார்த்து அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?"

யோகாவாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இன்னும் கிரிஜாவின் மனம் அடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்கு அதிக நேரமில்லை. கைபேசியை எடுத்தாள்.

"யார் செஞ்சதுன்னு யோகா கேப்பாளே," என்றான் சேகர்.

"கேப்பா."

மறுமுனையில் குரல் வந்தது. "ஓம், சொல்லுங்கோ கிரிஜா."

"உங்க மேல தப்பில்ல, யோகா. என் வீட்டுக்காரர்தான் பண்ணினார்."

யோகா சிரிக்கவில்லை. "நீங்க சாப்பிட்டீங்களோ?" என்று மெல்லக் கேட்டாள். அந்தக் கனிவைத்தான் கிரிஜாவால் பொறுக்க முடியவில்லை.