பிரசாதம் என்று எடுத்தது

ஜதுர்ஷிகாவின் வீட்டில் பால்குடிப் பிள்ளை யாரும் இல்லை. மகள் கம்சிகாவுக்கே நாலு வயது. ஆனாலும் ஜப்பானுக்குச் சுற்றுலா போய் லண்டன் ஸ்ட்ரெதமுக்குத் திரும்பியதிலிருந்து முன்னறைக்குள் புளித்த பால் மணத்தது. மார்கழி இருட்டு பின்னேரமே ஜன்னலில் வந்து ஒட்டிக்கொள்ள, தெருவில் பஸ் இரைச்சல் ஓயும் இடைவெளியில், கம்சிகா யாருடனோ குசுகுசுப்பதும், மிட்டாய்த் தாள் சரசரப்பதும், பிறகு பல்லில்லாத வாயொன்று சப்புக்கொட்டுவதும் அவளுக்குக் கேட்கும்.

கேட்டால் பயத்துக்கு முந்தி வெட்கம்தான் வரும்.

ஜப்பானில், கியோட்டோவுக்கு வெளியே, அவளும் மகளும் மட்டும் போன, சனமில்லாத சின்னப் புத்த கோயில் அது. பாசி பிடித்த குழந்தைச் சிலைகள் வரிசையாக நின்றன, கழுத்தில் சிவப்புத் துணி கட்டியபடி. ஒன்றின் காலடியில் ஒரு மிட்டாய். சாமிக்குப் படைத்தது பிரசாதம்தானே என்று, விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் செய்வதுபோல எடுத்துக் கண்ணில் ஒற்றி, மகளின் வாயில் போட்டாள். நிமிர்ந்தால் பக்கத்தில் ஓர் இளம்பெண், கையில் புதுச் சிவப்புத் துணி. அசையும் அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறக்குமுன் இறந்த பிள்ளைகளுக்காகத் தாய்மார் வைக்கும் சிலைகள் என்று வாசல் பலகையில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. வெளியே வரும்போதுதான் வாசித்தாள். திரும்பிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மானம் போகுமே என்று விறுவிறுவென நடந்துவிட்டாள். பிக்கு தந்த மிட்டாய் என்று கணவனிடம் ஒரு பொய் வேறு.

கைபேசி அடித்தது. ஹவுன்ஸ்லோவில் வேலையில் இருந்த கணவன் தர்சிகன்.

"பிள்ளை ஒண்டும் சாப்பிடுறாள் இல்லையெண்டு நேர்சரியில சொல்லிச்சினம். அந்தக் கோயில்ல ஏதும் நடந்ததோ? மறைக்காமச் சொல்லும்."

முன்னறையிலிருந்து கம்சிகாவின் குரல் கேட்டது. "அம்மா, தம்பிக்குப் பசிக்குதாம். நான் திண்டது அவன்ர மிட்டாயாம். சொல்லுங்கோ அம்மா."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வெட்கம் அதை விழுங்கியது.

"ஒண்டும் நடக்கேல்லையப்பா," என்றாள்.

குசுகுசுப்பு நின்றது.

எட்டிப் பார்த்தாள். ஜன்னலடியில் கம்சிகா. கைகூப்பி. கண் மூடி. கழுத்தில் ஈரச் சிவப்புத் துணி.

கன்னத்தைத் தொட்டாள். குளிர். பாசி. கல்.

அதன் காலடியில் ஒரு மிட்டாய். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சின்னக் கை ஒன்று நீண்டு அதை எடுத்தது. அவள் எடுத்ததுபோலவே, பக்தியாக. கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றிக்கொண்டது.