கடுகின் இடக்கண்

"முதல் சூடு முடிஞ்சுதுங்க. இன்னும் வலிக்குதுங்களா?"

"வலிக்குதுங்க டாக்டர். நெத்தியப் பொளக்குது," என்றாள் தமயந்தி.

மேசைமேல் கடுகு மயக்க மருந்தில் கிடந்தது. கறுப்பு நாய், இடக்கண் மட்டும் பால் விட்டதுபோல் மங்கியிருந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கி நரம்பை நெரிக்கும் நோய். நீர் ஊறும் சதையில் கொஞ்சத்தை லேசரால் சுட்டுவிட்டால் அழுத்தம் இறங்கும். அளவோடு சுட வேண்டும். கூடிப்போனால் கண் வற்றிச் சுருங்கிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் பார்வை திரும்பாது.

அந்த அளவைச் சொல்லத்தான் வலிப்பாலம். தமயந்தியின் நெற்றியில் ஒரு பட்டை, கடுகின் கழுத்தில் இன்னொன்று. நாய் தூங்கினாலும் நரம்பு தூங்காது. அதன் வலி அப்படியே இவள் தலையில் இறங்கும். வாயில்லா ஜீவனுக்கு வாய் கிடைத்துவிட்டதென்று ஊரே கொண்டாடியது. பொள்ளாச்சிச் சந்தையில் பட்டையை மாட்டிப் பார்த்துத்தான் மாட்டுக்கு விலை பேசினார்கள். முதுகு பிடித்தால் "மாட்டுக்கு என்னமோ பண்ணுது" என்பார்கள். பல் வலித்தால் பூனையின் வாயைத் திறந்து பார்ப்பார்கள். தனக்கென்று ஒரு வலி உண்டு என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. சட்டமும் வந்தது: அழுத்தம் அளக்கும் கருவி என்ன காட்டினாலும் சரி, பாலம் வலியென்று சொன்னால் வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

டாக்டர் நிசார் அழுத்தமானியைக் கடுகின் கண்ணில் வைத்தார். "சரியான அளவுக்கு இறங்கிருச்சுங்களே. உங்களுக்குச் சொந்தமா தலைவலி ஏதாச்சும்...?"

"எனக்கென்னங்க? குண்டுக்கல்லாட்டம் இருக்கறேன். ஒரு வாரமா பட்டையக் கழட்டவே இல்ல. இவன் வலியப் பூரா நான்தான் சுமக்கறேன். இவனும் ஓயாம வந்து என் இடக்கண்ணயே நக்கறான். எங்க வலிக்குதுன்னு காட்டறானுங்க, பாவம்."

நிசார் காலடியில் இருந்த லேசர் மிதியை அழுத்தினார். டிக்கென்று ஒரு சத்தம்.

"இப்ப?"

"அப்படியேதாங்க இருக்குது."

கருவி போதும் என்றது, பாலமோ போதாது என்றது. கருவியை நம்பிப் பாதியில் நிறுத்திய பக்கத்து ஊர் டாக்டருக்கு உரிமமே போய்விட்டது. மறுபடியும் ஒரு டிக். அழுத்தமானியின் முள் விறுவிறுவென்று சரிந்தது.

"மேடம், இதுக்கு மேல சுட்டா கண்ணு போயிருமுங்க."

"சுடாம விட்டா உசுரே போயிருமாட்ட இருக்குது! வாந்தியா வருதுங்க எனக்கு. இந்த வேதனையத் தாங்கிட்டுக் கெடக்கறானே எம்பட புள்ள! சுடுங்க டாக்டர்!"

அழுதேவிட்டாள். கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தவள் அல்லவா? அவள் கெஞ்சல் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். நிசாரின் கால் மிதியில் இறங்கியது.

டிக்.

"குறைஞ்சுதுங்களா?"

"இல்லீங்களே. அந்த விளக்கச் சுத்தி வானவில்லாட்டம் வளையம் வேற தெரியுது. இவன் இப்படித்தான் பாக்கறானாட்ட இருக்குது."

நிசார் மிதியிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தார். "என்ன தெரியுது?"

"வளையமுங்க."

"ஐயோ! பாலத்துல வலி மட்டுந்தாங்க வரும், பார்வை வராது. பட்டையக் கழட்டுங்க மொதல்ல!"

கழற்றினாள். வலி இம்மிகூடக் குறையவில்லை. இடக்கண்ணுக்கு மேல் அதே குடைச்சல், அதே குமட்டல். நிசார் அழுத்தமானியைத் துடைத்து அவள் கண்ணில் வைத்தார். முள் ஏறிப்போய்க் கடைசிக் கோட்டில் நின்றது.

"உங்களுக்கும் இதே நோய்தானுங்க. இப்பவே மனுசங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்க கண்ணக் காப்பாத்திரலாம்."

உங்க கண்ணை. அவர் சொல்லாமல் விட்டது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவளுக்குத் தன் கண்ணே தெரியாமல் போயிற்று.

"அப்ப கடுகுக்கு எப்பங்க வலி நின்னுச்சு?"

"மொதல் சூட்டுலயே நின்னிருக்குமுங்க," என்றார் நிசார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மயக்கம் தெளிந்து கடுகு அசைந்தது. மிச்சமிருந்த ஒரு கண்ணால் அவளைத் தேடிக் கண்டுபிடித்தது. தள்ளாடி எழுந்து வந்து, இந்த ஒரு வாரமாகச் செய்வதுபோலவே அவளுடைய இடக்கண் இமையை நக்கியது.