சரக்கறையின் தரை

குழி வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஆழத்து மண் எந்தப் பருவத்திலும் சில்லென்றுதான் இருக்கும். அவள் அதைப் பாடத்திலும் படித்திருந்தாள், கையாலும் அறிந்திருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டாள். காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும் நெற்றி போல இருந்தது.

கடல் கடந்து முதலில் வந்து இறங்கிய வியாபாரிகளில் ஒருவன், மேலே வீடும் கீழே சரக்கறையுமாகக் கட்டிய இடம் அது. வீடு என்றோ போய்விட்டது. களிமண் தரை மட்டும் மிச்சம். இழுத்துக் கட்டிய தார்ப்பாய் வழியே மாலை வெளிச்சம் நீலமாகக் கசிய, ஈரமண் வாசனைக்குள் யாரும் இல்லாத இடத்தில் இருக்கக்கூடாத ஒரு நெடி, பலர் நெருக்கியடித்துத் தூங்கிய அறையின் வியர்வை நெடி, லேசாக வந்து வந்து போனது.

மகளை அடக்கம் செய்துவிட்டு அவள் அகழாய்வு வேலைக்குத் திரும்பியது அந்த வாரம்தான்.

"அக்கா, பிளாஸ்டர் கலக்கட்டுமா?" என்று மேலேயிருந்து உதவியாள் ஒட்டடைக்குச்சி கேட்டான். தார்ப்பாயில் தலை இடிக்கும் உயரம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"கலக்கு."

மண்ணுக்குள் கிடந்தது மக்கிப்போனால், அதன் வடிவம் மட்டும் வெற்றிடமாக நிற்கும். அதில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் சுற்றியுள்ள மண்ணை எடுத்தால் உருவம் கைக்கு வந்துவிடும். ஊற்றுமுன் அடைப்பு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பார்கள். தரையில் தெரிந்த சிறு துளைக்குள் அவள் சுண்டுவிரலை விட்டாள்.

ஏதோ அதைப் பிடித்துக்கொண்டது.

இறுக்கமாக இல்லை. தூக்கத்தில் பிடிப்பது போல, சின்னச் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. ஆஸ்பத்திரியில் கடைசிவரை அவளைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தார்கள். உள்ளே விட்டபோது மகளின் விரல்கள் மடங்கவில்லை. இந்த ஒரு பிடிக்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

"அம்மாதான்டா செல்லம்," என்றாள், குரலே எழும்பாமல்.

ஒட்டடைக்குச்சி வாளியோடு இறங்கினான். "என்னக்கா, புதையலா? பாதி எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்."

"இதுல ஊத்த வேணாம். வெறும் வேர்."

"விளையாடாதீங்கக்கா. நீங்கதானே கலக்கச் சொன்னீங்க? கொஞ்சம் அசந்தா கல்லாயிடும். அப்புறம் ஆபீசர் வாளியோட என்னையும் சேத்துத் தூக்கிப் போட்டுடுவாரு." வாளியைச் சாய்த்தான்.

"வேணாம்னு சொல்றேன்ல!"

வாளியைத் தடுக்கக் கையை நீட்டினாள். நீட்டியபோதுதான் உணர்ந்தாள், விரலை உருவிவிட்டோம் என்று.

பிளாஸ்டர் இறங்கியது. துளை விழுங்கியது. குமிழ்கள் வந்தன.

"காத்துதான்க்கா," என்றவன் அவள் முகத்தைப் பார்த்துத் தடுமாறினான். "இருங்க. தண்ணி எடுத்துட்டு வரேன்."

ஒரு குமிழ். சற்றுத் தாமதித்து இன்னொன்று. பிறகு இல்லை.

முழுக்க இறுகும்வரை அவள் காத்திருக்கவில்லை. நகத்தால் தோண்டினாள். வெள்ளையாக ஒரு குழந்தைக் கை வெளிப்பட்டது. விரல்கள் விரிந்து, மேல்நோக்கி. மணிக்கட்டைச் சுற்றி ஆழமாக ஒரு வளையத் தடம்.

மகளின் கை இல்லை. அடிமையாக விற்க, சரக்கோடு சரக்காக இங்கே பூட்டிவைக்கப்பட்ட, யார் பெற்ற பிள்ளையோ.

யார் பெற்றதாயிருந்தால் என்ன? அதைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள்.

தரை அதைக் கேட்டது.

சுவரோரம் மண் உள்ளே உதிர்ந்தது. ஒரு துளை. முழங்கால் அருகே இன்னொன்று. அப்பால் ஒன்று. அதற்கும் அப்பால். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ மெல்லத் துழாவியது.

அவள் குப்புறப் படுத்தாள். கைகளை விரித்தாள். துளைக்கு ஒரு விரல்.

பிடித்தன.

"இங்கதான் இருக்கேன். போகமாட்டேன்."

"அக்கா?" மேலே பாட்டில் கீழே விழும் சத்தம். "அக்கா, எழுந்திரிங்க! எழுந்திரிங்கக்கா!"

பத்து விரல்களும் போதவில்லை. அவள் முகத்துக்கு நேர் கீழே தரை விரிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டு, அவள் கூந்தலைக் கொத்தாகப் பற்றிக்கொண்டது.