மூடுபனியில் இரண்டு மில்

மூடுபனி இறங்கிவிட்டால் பிரான்னோ தீவில் கடல் எது, கரை எது என்றே தெரியாது. காலால் தடவித்தான் நடக்கவேண்டும். அந்தப் பனிக்குள்ளிருந்து ஐந்து நாட்களாக ஒரு மணிச்சத்தம். டிங்... டிங்...

அது தீராவும் மெல்கரும் செய்த முதல் படகின் மணி. ஆளில்லாமல், கம்ப்யூட்டர் சொன்னபடி ஓடும் குட்டிப் படகு. எங்கோ தொலைந்த படகின் மணி இங்கே எப்படிக் கேட்கும்? அதை நினைத்தாலே இருவருக்கும் உடம்பு சிலிர்த்தது.

குளத்தில் நாற்பது முறை ஓட்டிப் பார்த்த படகு அது. ஒருமுறைகூடத் தவறவில்லை. குளத்தில் தூரம் போட வேண்டியிருக்கவில்லை; கடலில் விட்ட அன்றுதான் தீரா '2' என்று போட்டாள். அவள் நினைத்தது இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்புவது. நிரலில் மெல்கர் எழுதிய பகுதியோ இரண்டு மில் என்று எடுத்துக்கொண்டது. அந்த ஊரில் பத்து கிலோமீட்டர் ஒரு மில். படகு போயே போய்விட்டது.

இன்று பள்ளி விட்டதும் இரண்டாவது படகோடு துறையில் நின்றார்கள். இந்த முறை தீரா நிரலை வேறு மாதிரி கட்டியிருந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் 'மில்', 'கிலோமீட்டர்' என்று ஒரு சீட்டு. சீட்டு மாறினால் கம்ப்யூட்டர் நிரலைப் படகில் ஏற்றவே ஏற்றாது.

மெல்கர் இன்றைய தூரத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினான். திரையில் சிவப்பாக ஒரு வரி: 'மில் வேண்டும். கிலோமீட்டர் வந்திருக்கிறது.'

"சே, இதோட ஒரே ரோதனை! சீட்டையெல்லாம் எடுத்துடு தீரா. இருட்டப் போகுது."

"டேய், கொஞ்சம் படிச்சுப் பாரு. உன் பகுதி மில் கேக்குது, நீயே கிலோமீட்டர் குடுக்குறே. உனக்கு மறந்துபோச்சு. அதுக்கு மறக்கல."

கிலோமீட்டரை மில்லாக மாற்றும் ஒரு வரியை அவள் சேர்த்தாள். சிவப்பு மறைந்தது. படகு கிளம்பியது. பனி அதை அப்படியே விழுங்கிவிட்டது.

மெல்கரின் ஆறு வயதுத் தங்கை லோவா அவன் சட்டையை இழுத்தாள். "அண்ணா, நிஸ்ஸே உள்ள இருக்கான்."

"உன் வெள்ளெலியா? படகுலயா?"

"அவன்தான் கேப்டன்."

மெல்கர் துறையின் விளிம்புவரை ஓடினான். "தீரா, இதைக் குளத்துல மூணு தடவைதானே ஓட்டிப் பார்த்தோம்!"

"அளவு குழம்பிடும்னு பயப்படாதே. அந்தத் தப்பு உள்ள நுழையவே வழியில்ல."

"வேற தப்பு?"

"அதுக்குத்தான் மூணு தடவை." சொன்னாளே தவிர, அவளும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிடம் ஆனது. தூரத்து மணியைத் தவிர, தண்ணீர்கூடச் சத்தம் போடவில்லை. திடீரென்று பனிக்குள் ஏதோ பிறாண்டியது. கர்ர்க்... கர்ர்க்... மூவரும் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

படகின் மூக்கு பனியைப் பிளந்துகொண்டு வந்து துறையில் முட்டியது. மூடியைத் திறந்தால், நிஸ்ஸே உள்ளே பலகையைப் பிறாண்டிக்கொண்டிருந்தான்! லோவா அவனை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தூரத்தில் மணி மறுபடி அடித்தது; முதல் படகு அலையில் மிதந்து திரும்பி ஏதோ பாறையில் சிக்கியிருக்கவேண்டும், பனி விலகியதும் தேடலாம் என்று தீரா நினைத்தாள்.

மெல்கர் லேப்டாப்பைத் திறந்தான்.

"என்னடா பண்றே?"

"இன்னொரு சீட்டு போடறேன். 'எலி ஏறினால் கிளம்பாதே.'"

லோவா அவனை முறைத்தாள். "எலின்னு எழுதாதே. கேப்டன்னு எழுது!"