நடுவில் விட்ட வெள்ளை

தான் வரைந்த குழந்தைகளுக்கு நாளுக்கு நாள் எடை கூடுவதாக ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர் சொன்னபோது, அதை நம்ப அந்த வீட்டுப் பல்லிகூடத் தயாராக இல்லை. கப்பலையே சுண்டுவிரலால் தூக்கி வைத்ததாகப் பீற்றிக்கொள்கிற மனிதர் அவர். வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் மணக்கும் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்று, நேற்று ஒற்றைக் கையில் எடுத்த கேன்வாஸ் இன்று இரண்டு கைக்கும் அசையவில்லை என்று குதூகலமாக அறிவித்தார்.

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்ல அதுங்க வரணுமாக்கும்" என்றாள்.

பழைய ஐரோப்பாவின் ரோகோகோ காலத்துப் புராணக் காட்சி அது. புத்தகத்தில் இருந்த படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ரோஜா நிற மேகத்தினூடே, சிறகு முளைத்த கொழுகொழு குழந்தைகள் கூடி, உறங்கும் காதல் தேவியை வானத்துக்குத் தூக்கிச் செல்கிறார்கள். முதலில் தேவிக்கு ஒரு அடிப்பூச்சாவது கொடுங்கள் என்று மாலை ஓவிய வகுப்பு ஆசிரியை தலையில் அடித்துக்கொண்டாள். முகம் சொதப்பிவிடுமோ என்ற பயத்தில் இவர் ஓரத்திலிருந்தே வரைந்து வந்தார். மேகம் முடிந்தது, குழந்தைகள் முடிந்தார்கள். நடுவில் மட்டும் ஒரு பெண்ணின் அளவுக்கு வெள்ளை. அதைச் சுற்றிலும் பிஞ்சுக் கைகள், ஏந்த ஒன்றுமில்லாமல்.

சரக்கு மாட்டாத கொக்கி சும்மா இருக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆடும். எதையாவது தேடும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், மனைவியின் முழங்கைக்கு மேல் இளஞ்சிவப்புக் கறை தெரிந்தது. பெயிண்ட் கையோடு தொட்டீர்களா என்று அவரைத் திட்டினாள். அவர் தன் விரல்களை அதனருகே வைத்துப் பார்த்தார். கறையில் பதிந்திருந்த விரல்கள் ஒவ்வொன்றும் அவருடைய நகத்தளவுதான்.

அன்றோடு பெருமையடிப்பது நின்றது. சாப்பிடாமல் தேவியை வரைந்தார். கழுத்து, தோள், மூடிய இமை. விடிந்தால் மறுபடி வெள்ளை. தரையில் ஒரு சொட்டுகூட வழிந்திருக்காது. கைகள் மட்டும் இன்னும் விரிந்திருக்கும். எரித்துவிடலாமென்று இழுத்தார். படம் நகரவில்லை. துணி போட்டு மூடினார். துணிக்கடியில், நனைந்த புறாக்கள் சிறகு உதறுவதைப் போல் ஒரு சத்தம்.

அந்தப் பிஞ்சுக் கைகள் உன்னைத்தான் தேடுகின்றன, கொஞ்ச நாள் உன் தங்கை வீட்டில் இருப்போம் என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"படத்துக்குப் பயந்து ஓடி வந்தோம்னு அவகிட்ட நானே சொல்லணுமா? போங்க, வேற வேலையப் பாருங்க" என்று சிரித்துவிட்டு, சற்றுக் கண்ணயரப் போனாள்.

அந்தி மங்கியது. துணிக்கடியில் சத்தமில்லை. வெகுநேரமாகவே இல்லை. அவர் துணியை விலக்கினார்.

மேகம். வெறும் மேகம்.

உள்ளறையில் கட்டில் முனகியது. பாரம் ஏறும் முனகல் அல்ல. பாரம் இறங்கும் முனகல். கிரேனில் வாழ்நாளெல்லாம் கேட்டது. ஓடினார்.

மெத்தையில் ஆள் படுத்த பள்ளம். எண்ணெய் வாடை. நிமிர்ந்தார். கூரை இல்லை. அது இருந்த இடத்தில் ரோஜா நிறம், ஆழ ஆழமாக. அதனடியில் மல்லாந்து மிதந்தபடி அவள். தொங்கும் கூந்தல். முதுகில், தொடையில், கழுத்தடியில் ஈரம் உலராத குட்டிக் கைகள். அவர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார். பாதம் கைக்கு எட்டவில்லை.

"நீங்க சொன்னது நிஜந்தாங்க" என்றாள் அவள், மெதுவாக, மேலே போய்க்கொண்டே. "பிஞ்சுக் கைதான். விடமாட்டேங்குது."