காலியாகாத இடம்

அழித்தாகிவிட்டது. ஆனால் இடம் வரவில்லை.

செந்தில்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கேமராப் பதிவுகள் முழுவதையும் அழித்து, கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தார். டிஸ்க்கின் கோடு இந்நேரம் நீலமாகியிருக்க வேண்டும். நிறைந்துபோனதைக் காட்டும் சிவப்பிலேயே நின்றது. “சனியனே” என்றார். யாரையாவது திட்டாமல் அவருக்கு ஒரு வேலையும் ஓடாது. வேலைக்காரி இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர்தான் வாய்க்குக் கிடைத்தது.

சாயங்காலம் ஏட்டு வருகிறார். கூடவே ராயப்பன், போன வாரம் இந்தக் குவார்ட்டர்ஸின் பின்பக்கப் பலாமரத்திலிருந்து விழுந்து செத்த அம்சவல்லியின் புருஷன். வேலைக்காரி பழம் திருட ஏறினாள், வழுக்கி விழுந்தாள், கேமரா ஒரு மாதமாக ரிப்பேர். ஸ்டேஷனில் செந்தில்நாதன் சொன்னது இதுதான். கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று ஏட்டு சொல்லியிருந்தார். ரிப்பேரான கேமராவுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்டால் பெர்மனன்ட் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு.

கேமராவை ஆள் வைத்து மாட்டியவரே அவர்தான். அந்த பிளாக்கில் மற்றவர்கள் பலா பழுத்தால் நாலு வீட்டுக்குச் சுளை கொடுத்தனுப்புவார்கள். இந்தப் பெரிய மனிதர் மட்டும் பழத்துக்குக் காவலாகக் கேமரா வாங்கினார். அது ஒழுங்காக வேலை பார்த்து அவரையே பிடித்து வைத்துக்கொண்டது.

“மழ பேஞ்சி மரமே வழுக்கிகினு கெடக்குதுங்க சார். வேணாங்க” என்று அன்றைக்கு அம்சவல்லி கெஞ்சினாள்.

“காடாம்புலியூர்க்காரிக்குப் பலாமரம் ஏறத் தெரியாதா? சும்மா நடிக்காத. ஏறு.”

ஏறினாள். விழுந்தாள். தலை தோள்மேல் மடிந்து கிடக்க, கண் மட்டும் அவரையே பார்த்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனால் கார் சீட்டில் ரத்தக்கறை படியுமே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அப்புறம் விசாரணை, கேள்வி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முனகல் நின்ற பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். இத்தனைக்குப் பிறகும் இரவில் நன்றாகவே தூங்கினார், வெட்கங்கெட்ட மனிதர்.

இப்போது வெளியே மேகம் இறங்கி, பொழுது சாயுமுன்பே அறை மங்கிப்போயிருந்தது. ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் ஒன்று திருப்பத்தில் முக்கிக்கொண்டு போக, அனல்மின் நிலையத்துச் சாம்பல் வாடையும் ஈரமண் வாடையும் ஜன்னல் வழியாகக் கலந்து வந்தன. அதற்கும் அடியில் தேங்காய் எண்ணெய் தடவிய தலையின் வாசனை மெல்லிசாக இருந்தது. மனைவி மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

மகளின் கல்யாண வீடியோவை அழித்தார். கோடு அசையவில்லை. தீர்த்த யாத்திரைப் படங்களை அழித்தார். பாட்டுகளை அழித்தார். மிச்சமிருந்த இடம் கூடுவதற்குப் பதில் குறைந்தது. எதையோ விடாமல் எழுதிக்கொண்டிருப்பதுபோல டிஸ்க் உள்ளே கறகறவென்று ஓடியது. இந்த ஊரில் கம்ப்யூட்டர் விற்கிறவன் எல்லாம் திருடன் என்று முணுமுணுத்தார்.

கேமராப் பதிவுகள் இருந்த, காலி செய்த ஃபோல்டரைத் திறந்தார்.

உள்ளே ஒரு ஃபைல் இருந்தது. இன்றைய தேதி. பார்க்கப் பார்க்க அதன் அளவு ஏறியது.

கேமராவின் ஒயரை அவர் அன்றைக்கே பிடுங்கிவிட்டார். அது மேஜைமேல், அவர் கைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது.

ஃபைலைத் திறந்தார். பின்பக்கத் தோட்டம். பலாமரம். தூறல். மரத்தடியில் யாருமில்லை. புல்லின்மேல் எதையோ இழுத்துக்கொண்டு போன தடம் மட்டும் சமையலறை வரைக்கும் போயிருந்தது. சமையலறைக் கதவு திறந்திருந்தது.

அவர் தாழ்ப்பாள் போட்டிருந்தார். நன்றாக ஞாபகம்.

அழைப்பு மணி அடித்தது. எழுந்திருக்க முயன்றார். நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தார். மறுபடி மணி.

கூடத்தில் சேலை உரசும் சத்தம். ஈரச்சேலை. மெதுவாக. வாசல் பக்கம். தாழ்ப்பாள் விலகியது. உள்பக்கத்திலிருந்து.

“அம்சா” என்றான் வாசலில் நின்ற ராயப்பன். கத்தவில்லை. “எம்மா நேரமா நின்னுகினு இருக்கோம்.”

செந்தில்நாதன் ஊர்ந்துபோய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்தார். கூடத்தில் ஏட்டும் ராயப்பனும் முகம் தெரிய உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, அவருக்கு முதுகைக் காட்டியபடி, இன்னொருத்தி. அவள் தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை.

“சொல்லும்மா” என்றார் ஏட்டு, பேனாவைத் திறந்துகொண்டே. “யாரு ஏறச் சொன்னது?”

முனகல் கேட்டது. அதே முனகல்.

ஏட்டு தலையாட்டி எழுதிக்கொண்டார். பிறகு அவர் முகமும் ராயப்பன் முகமும் அறைக்கதவின் பக்கம் திரும்பின. அவளும் எழுந்து திரும்பினாள். தோளுக்குக் கீழே தொங்கிய தலையை இரண்டு கைகளாலும் தூக்கி நிமிர்த்தி, கதவிடுக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.