அசையாத சுடர்

திருட்டுப்போன வெள்ளி விளக்கு காவலறையின் கேமராத் திரையில் எரிந்துகொண்டிருந்தது. சுடர் மட்டும் அசையவில்லை.

காவலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். தூங்காத மனிதர் என்று மேனேஜர் அவருக்கு ஆந்தை என்று பட்டம் வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால், அந்தப் பிரார்த்தனை மண்டபத்தில் அவரளவுக்குச் சுகமாகத் தூங்கியவர், நீண்ட பிரசங்கம் கேட்க வருபவர்களில்கூடக் கிடையாது. மேனேஜர் வீட்டிலிருந்தே செல்போனில் கேமராவைப் பார்ப்பார் என்பதால், காவலாளி பீடத்தையும் விளக்கையும் படம் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, இருட்டியதும் கேமராவுக்கு முன்னால் கம்பியில் மாட்டிவிடுவார். பிறகு மின்விசிறிக்கு நேர் கீழே ஆந்தை குறட்டை விடும்.

இன்று விடியலில், பெருக்க வரும் அக்கா பக்கக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டுப் பதறி எழுந்து, ஏணியில் ஏறிப் படத்தைப் பிடுங்கினார். அப்புறம்தான் பீடத்தைப் பார்த்தார். காலி.

பதிவில் அது வேறு மாதிரி விழுந்திருந்தது. இரவெல்லாம் விளக்கு இருக்கிறது. ஒரு சிமிட்டல். விளக்கு இல்லை, துடைப்பத்தோடு அக்கா நிற்கிறார்.

"அண்ணே, நீங்கதான் தூங்காத ஆளாச்சே. நான் எடுத்தேனான்னு நீங்களே சொல்லுங்க" என்றார் அக்கா. தினமும் தன் பிளாஸ்கிலிருந்து முதல் டம்ளர் டீயை இவருக்கு ஊற்றுபவர்.

ஆந்தை தன் செருப்பைப் பார்த்தார். "நான் பின்பக்கம் ரோந்து போயிருந்தேன்க்கா."

"சாயங்காலம் போலீஸ் ஜீப் வரட்டும், பேசிக்கலாம்" என்றார் மேனேஜர்.

படத்தைச் சுக்கலாகக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. ஆனால் மேகம் கவிந்த இந்தச் சாயங்காலம், அதே படம் திரையில்.

மண்டபத்துக்குப் போனார். ஈரக் கல்லின் வாடையும் அணைந்த திரியின் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்ட, தலைக்கு மேல் மின்விசிறி யாரோ கிசுகிசுப்பதைப்போல முனக, ஏணியில் ஏறிக் கேமராவைத் தடவிப் பார்த்தார். வெறும் கம்பிதான் தொங்கியது. இறங்கும்போது பிடரியில் சூடு பட்டது.

திரும்பினார். பீடத்தின் மேல் விளக்கு எரிந்தது.

நெஞ்சில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் அக்கா தப்பித்துவிடுவார். தானும் தப்பித்துவிடலாம். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். அந்த நினைப்பு வந்த வேகத்துக்கு அவருக்கே கூசியது. ஆனாலும் கையை நீட்டினார்.

வழவழவென்றிருந்தது. வெள்ளி இல்லை. காகிதம்.

மின்விசிறி சத்தம் நின்றது. கை வரவில்லை. காலும். தலை மட்டும் தானாகக் கேமரா பக்கம் திரும்பி, அப்படியே நின்றது.

கேமராவின் கண்ணாடிக்குள் அரிசியளவில் ஓர் அறை தெரிந்தது. அவருடைய அறை. அவருடைய நாற்காலியில் மேனேஜர். பக்கத்தில் அக்கா.

"நேத்து ராத்திரி பதிவை இன்னொரு தடவை பாருங்க சார்" என்றார் அக்கா.

நான்தான் என்று கத்தினார். தூங்கினேன். மறைத்தேன். அக்கா இல்லை. நான். எல்லாவற்றையும் சொன்னார். வாய் திறக்கவில்லை.

மேனேஜர் திரையை உற்றுப் பார்த்தார்.

"காலைல நான் சரியா கவனிக்கல. ராத்திரி பூரா ஆந்தை விளக்கு பக்கத்துலயேதான் நின்னிருக்காரு. பாருங்க, கண்ணைக்கூட சிமிட்டல. அப்போ ராத்திரி யாரும் எடுத்திருக்க முடியாது."

வாசலில் ஜீப் வந்து நின்றது. அக்கா திரையை நெருங்கி, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "அண்ணே" என்றார்.

கண்ணை மூட முடியவில்லை.